மிதக்கும் விமான ஓடுதளம்: மெகா-ஃப்ளோட் சோதனை எதைக் காட்டியது, எங்கே நின்றது?

#1 தெற்குவாடை

கடலில் மிதக்கும் விமான நிலையம் என்று பேச்சு எழும்போதெல்லாம் கற்பனைப் படங்கள்தான் சுற்றி வருகின்றன. ஜப்பான் இதை உண்மையாகவே கட்டிப் பார்த்திருக்கிறது. 1995-இல் கப்பல் கட்டும் நிறுவனங்களும் எஃகு நிறுவனங்களுமாக 17 பேர் சேர்ந்து மெகா-ஃப்ளோட் ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். யோகோசுகா பக்கத்தில் ஓப்பமா கடற்பகுதியில் முதலில் 300 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் ஒரு மிதவை. அடுத்த கட்டத்தில் 1000 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம் (ஒரு பகுதி மட்டும் 121 மீட்டர்), 3 மீட்டர் உயரம். 2000-இல் அதன்மேல் சிறிய விமானங்களை இறக்கி ஏற்றியும் பார்த்தார்கள்.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள எஃகுப் பெட்டிக்கு 3 மீட்டர் உயரம் எப்படிப் போதும்? சோதனை நல்லபடியாக முடிந்த பிறகும் டோக்கியோ ஹனேடாவின் நான்காவது ஓடுதளத்தை ஏன் மிதவையாகக் கட்டவில்லை?

#2 கணக்கன்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது சொல்கிறேன். அது வளையும். வளையட்டும் என்றுதான் அப்படி வடிவமைக்கிறார்கள்.

கப்பலை விறைப்பான உத்திரமாகக் கணக்குப் போடுவோம். இது அப்படியில்லை, தண்ணீர்மேல் விரித்த பாய். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங் இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். தளம் 1 மீட்டர் அமிழ்ந்தால் அந்தச் சதுர மீட்டரில் கடல் 1.025 டன் மேல்நோக்கித் தள்ளும். தகட்டின் வளைவு விறைப்பை இந்த ஸ்பிரிங் எண்ணால் வகுத்து, நான்காம் மூலம் எடுத்து, 2π-ஆல் பெருக்கினால் ஒரு நீளம் வரும். அதைப் பண்பு நீளம் என்பார்கள். ஓரிடத்தில் வைத்த பாரத்தை எவ்வளவு தூரம் வரைக்கும் தகடு பகிர்ந்துகொள்கிறது என்பதற்கு அதுதான் அளவு.

3 மீட்டர் உயரப் பெட்டிக்கு, மேல்தகடும் அடித்தகடும் விறைப்புப் பட்டைகளையும் சேர்த்துச் சராசரி 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம் (இது என் அனுமானம், ஓப்பமா வரைபட எண் அல்ல). ஒரு மீட்டர் அகலத்துக்கு வளைவு விறைப்பு சுமார் 1.1 × 10¹⁰ நியூட்டன்-சதுர மீட்டர். பண்பு நீளம் ஏறத்தாழ 200 மீட்டர். மிதவை அதைப்போல் ஐந்து மடங்கு நீளம். ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியவே தெரியாது. கட்டமைப்பின் நீளம் இந்தப் பண்பு நீளத்தையும் அலை நீளத்தையும் தாண்டினால்தான் அது மிகப்பெரிய மிதவைக் கட்டமைப்பு என்ற வகைக்குள் வரும். சதுர மீட்டர் எவ்வளவு என்பது அந்த வரையறையிலேயே இல்லை.

இனி விமானம். முழுச் சுமையோடு 747-400 ஏறத்தாழ 400 டன். அகலமான தகட்டின் நடுவில் அதை நிறுத்தினால் சுமார் 4.5 செ.மீ. அமிழும். 60 மீட்டர் அகலம் மட்டும் இருந்தால் தகடு உத்திரம் மாதிரி நடந்துகொள்ளும், 7 செ.மீ. வரும். இது நூறு மீட்டருக்கு மேல் பரவிய பள்ளம் என்பதால் சக்கரத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஓரம்தான் வேறு கதை. விளிம்பில் அதே பாரத்தை வைத்தால் நடுப்பகுதியைப் போல மூன்று மடங்குக்கும் மேல், 16 செ.மீ. வரை அமிழும். அதனால் ஓடுதளத்தின் கோட்டை விளிம்பிலிருந்து குறைந்தது 70 மீட்டராவது உள்ளே தள்ளுவது நல்லது.

#3 பாய்மரம்

சார், நிற்கிற விமானம் சரி. ஓடுகிற விமானம் தனக்கு முன்னால் அலையைத் தள்ளிக்கொண்டு போகாதா? கனடாவில் உறைந்த ஏரிகளின் மேல் லாரி ஓட்டும்போது கரை நெருங்க நெருங்க வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். பனிக்கு அடியில் லாரியோடு சேர்ந்து ஓடும் அலை கரையில் மோதிப் பனியை உடைத்துவிடும் என்பதுதான் காரணம்.

#4 கணக்கன்

இயற்பியல் அதேதான். ஆழம் குறைந்த கடலில் நீளமான அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கியதன் வர்க்கமூலம். 8 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 32 கி.மீ., 20 மீட்டரில் 50 கி.மீ. பாரம் இந்த வேகத்திலேயே தொடர்ந்து ஓடினால் அடியில் அலை சேர்ந்து வளரும். விமானமோ அந்த வேகத்தைச் சில நொடிகளில் கடந்துபோகிறது, அலை வளர நேரம் கிடைப்பதில்லை. ஆனால் பயணிகளை ஏற்றிச் செல்லும் கனமான வண்டிகளும் இழுவை வண்டிகளும் அதே 30–50 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க ஓடும். எடை குறைவு என்பதால் உடைப்பு வராது, ஆனால் உலோகச் சோர்வுக் கணக்கில் (திரும்பத் திரும்ப வளைந்து எஃகு பலவீனமாவது) அவற்றையும் எண்ணியாக வேண்டும்.

இதைவிடப் பெரிய கவலை கடல் அலை. 5 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் 39 மீட்டர். 200 மீட்டர் பண்பு நீளத் தகட்டை அது விளிம்பில் மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஸ்வெல் எனப்படும் தொலைதூரப் புயலின் நீள் அலைக்கு 12 நொடி என்று வைத்தால் ஆழ்கடலில் 225 மீட்டர். பண்பு நீளத்துக்குச் சமமாகிவிட்டது, தகடு அந்த அலையோடு சேர்ந்து நெளியும். மெகா-ஃப்ளோட் வேலை செய்ததற்கு டோக்கியோ விரிகுடாவுக்குள் ஸ்வெல் குறைவு என்பதும் ஒரு முக்கியக் காரணம். அலைத்தடுப்பு இல்லாத திறந்த கடலில் அதே 3 மீட்டர் பெட்டியை யாராவது வரைந்து காட்டினால் நம்பாதீர்கள்.

#5 இரும்புத்தகடு

கணக்கைவிட எனக்குப் பெரிய சாதனையாகப் படுவது துண்டுகளை மிதந்தபடியே ஒட்டிய வேலை. இவ்வளவு பெரிய மிதவையை முழுசாகக் கட்ட உலர் துறை (நீரை இறைத்துவிட்டுக் கப்பலில் வேலை செய்யும் தொட்டி) கிடைப்பது அரிது. துண்டுகளைத் தனித்தனிக் கப்பல் தளங்களில் செய்து, இழுவைப் படகில் கொண்டுவந்து, கடலில் வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும்.

முறை பொதுவாக இப்படிப் போகும். இழுவைப் படகு துண்டை சில மீட்டர் தூரம் வரை கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு படகை நம்பக் கூடாது, வின்ச் கம்பியால் மெதுவாக இழுக்க வேண்டும். ஒன்றில் நீட்டியிருக்கும் வழிகாட்டி முளை மற்றதன் குழியில் உட்கார்ந்ததும், இரண்டுக்கும் மிதப்பு மட்டம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, உயர்ந்திருக்கும் பக்கத்தின் அறைகளில் நீர் ஏற்றிச் சமன் செய்வார்கள். பிறகு ஜாக்கிகளால் நெருக்கி, வலுவான தற்காலிகத் தகடுகளால் பூட்டுவார்கள். அடித்தகட்டின் இடைவெளியை வெளியிலிருந்து ரப்பர் விளிம்புள்ள பட்டையால் மூடி, உள்ளே நின்ற நீரை இறைத்து, காய்ந்த பிறகு உட்பக்கமிருந்தே வெல்டிங். மேல்தகடு கடைசியில்.

எங்கே கெடும் என்றால், முதல் எதிரி வெயில். 300 மீட்டர் துண்டு 10 டிகிரி சூடானால் 36 மி.மீ. நீளும். அது மட்டுமல்ல, மேல்தளம் காய, அடித்தளம் கடல் நீரின் குளிரில் இருக்க, பெட்டி வளையும். 20 டிகிரி வேறுபாட்டுக்கு, மேலே கணக்கன் சார் எடுத்த விறைப்பில், முனை 8 செ.மீ. வரை கீழே தொங்கும். நண்பகலில் இரண்டு முனைகளையும் அளந்து பொருத்திவிட்டு மாலையில் வெல்டிங் தொடங்கினால் இடைவெளி வேறாக இருக்கும். மட்டமும் இடைவெளியும் நிலையாக இருப்பது சூரியன் மறைந்து சில மணி நேரம் கழித்து விடியும் வரைதான். பூட்டும் வேலையை அந்த நேரத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, படகுகளின் அலை. வெல்டிங் உலோகம் ஆறும்போது மூட்டு மில்லிமீட்டர் கணக்கில் அசைந்தாலும் விரிசல் உள்ளேயே ஒளிந்துகொள்ளும். பூட்டுத் தகடுகளைச் சிக்கனப்படுத்துவது இங்கே ஆபத்து. மூன்றாவது, வெல்டிங் சுருக்கம். ஒவ்வொரு மூட்டிலும் சில மில்லிமீட்டர் குறையும், அது கூடிக்கொண்டே போகும். கடைசித் துண்டைக் கொஞ்சம் நீளமாகச் செய்து, கடலில் அளந்த பிறகு வெட்டுவதுதான் நேர்மையான வழி.

#6 முத்துக்குளி

கட்டி வைத்திருக்கும் முறையைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரச் சங்கிலி சரிப்பட்டு வராது. தொங்கும் சங்கிலியின் எடைதான் அதற்கு ஸ்பிரிங். 8 மீட்டர் ஆழத்தில் தொங்குவதற்கு எடையே இல்லை, இழுத்தால் விறைத்துவிடும். அதனால் கடலடியில் ஊன்றிய டால்பின் தூண்கள், அவற்றில் இடி தாங்கும் ரப்பர் ஃபெண்டர்கள். மிதவை ஏற்றவற்றத்தோடு மேலும் கீழும் வழுக்கும், பக்கவாட்டில் மட்டும் பிடி. காமிகோத்தோ, ஷிராஷிமா எண்ணெய்ச் சேமிப்பு மிதவைகளும் டால்பின் கட்டுத்தான்.

பக்கவாட்டு விசைக்குத் தோராயக் கணக்கு: 1000 மீட்டர் பக்கம், நீருக்கு மேல் 2 மீட்டர் உயரம், நொடிக்கு 50 மீட்டர் காற்று என்றால் நேரடி அழுத்தம் சுமார் 300 டன். மேல்தளத்தை உரசும் காற்று இன்னும் 30 டன் அளவுக்கு. பலரும் விட்டுவிடுவது அலை தள்ளும் நிலையான விசை. குறிப்பிடத்தக்க அலை உயரம் 2 மீட்டர் இருந்து, குட்டையான அலைகள் அப்படியே மோதித் திரும்பினால், சராசரியாக 250 டன். காற்றுக்கு ஏறக்குறைய நிகரான எண் இது, மணிக்கணக்கில் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஃபெண்டரில், ஓரளவு அமுங்கியதும் எதிர்விசை அதற்குமேல் ஏறாத வகைதான் வேண்டும். அமுங்க அமுங்க விசை ஏறும் சாதாரண ரப்பர் போட்டால், முதலில் இடிபடும் ஒரு தூணே எல்லாப் பாரத்தையும் வாங்கும். எதிர்விசை ஏறாத வகையில் அந்தத் தூண் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பக்கத்துத் தூண்கள் சேர்ந்து தாங்கும். இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு வைத்தால் மிதவை அங்கும் இங்கும் இடித்துக்கொண்டே இருக்கும், ஆகவே முன்னமுக்கம் கொடுத்துப் பொருத்த வேண்டும். உரசும் முகத்துக்கு அடர்ந்த பாலிஎத்திலீன் பலகை, தேய்மானத்தை ஆண்டுதோறும் அளந்து மாற்றுவது கட்டாயம். பலகை தேய்ந்து அதன் போல்ட் தலை வெளியே வந்தால் மிதவையின் பக்கத் தகட்டை அதுவே அறுத்துவிடும்.

நிலநடுக்கத்தின் பக்கவாட்டு ஆட்டம் நீர் வழியாக மேலே வருவதில்லை. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் நடந்த பின்பு இந்த யோசனைக்கு ஆதரவு கூடியதற்கு இதுவே காரணம். ஆனால் செங்குத்து அதிர்வு அழுத்த அலையாக நீர் வழியே அடித்தகட்டில் தட்டும். சுனாமியில் இன்னொன்று: டால்பினின் தலையைவிட நீர்மட்டம் ஏறினால் மிதவை கழன்று போய்விடும். தூணின் உயரத்தை முடிவு செய்வது அன்றாட ஏற்றவற்றம் அல்ல, அந்தப் பகுதியின் உச்ச சுனாமியும் புயல் எழுச்சியும்.

#7 தெற்குவாடை

அருமை. இன்னொன்று: கப்பல் சில ஆண்டுக்கு ஒருமுறை உலர் துறைக்குப் போகும். இது போகாது. நூறு ஆண்டு ஆயுள் என்கிறார்களே, அடித்தகடு என்ன ஆகும்?

#8 இரும்புத்தகடு

மூன்று மண்டலமாகப் பிரித்துப் பாருங்கள். எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதிக்கு நேர்மின் பலிகொடுப்புப் பாதுகாப்பு, அதாவது அலுமினியக் கலவைக் கட்டிகள் எஃகுக்குப் பதிலாகக் கரையும். பூச்சு உள்ள 60,000 சதுர மீட்டர் அடித்தளத்துக்கு சதுர மீட்டருக்கு 20 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 1200 ஆம்பியர். ஒரு கிலோ கலவை ஏறத்தாழ 2500 ஆம்பியர்-மணி தரும், ஆகவே பத்து ஆண்டுக்கு 42 டன். முழுதும் கரையாது என்பதால் 50 டன் போட வேண்டும். மூழ்குநர்கள் கட்டியை மாற்ற வசதியாக போல்ட் அமைப்பை முதலிலேயே வைத்துவிட வேண்டும். வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை வைத்து எஃகின் மின்னழுத்தத்தை அளந்தால், −0.80 வோல்ட் அல்லது அதைவிட எதிராக வந்தால் எஃகு பாதுகாப்பாக இருக்கிறது.

அலை தெறிக்கும் பட்டைதான் மிக மோசம். காற்றும் உப்பும் மாறி மாறி வரும் இடத்தில் மின்பாதுகாப்பு வேலை செய்யாது. டோக்கியோ விரிகுடாப் பாலத்தின் தூண்களில் இந்தப் பட்டைக்கு டைட்டானியம் பதித்த எஃகு போட்டார்கள். மெகா-ஃப்ளோட்டிலும் அதைச் சோதித்தார்கள். விலை அதிகம்தான், ஆனால் மிதவையில் ஒரு வசதி உண்டு. ஏற்றவற்றத்தோடு மிதவையும் ஏறி இறங்குவதால் தெறிக்கும் பட்டை ஒரே இடத்தில் குறுகலாக நிற்கும். ஊன்றிய தூணில் ஏற்றவற்ற உயரம் முழுக்கப் போர்த்த வேண்டும்.

உள்ளே இருக்கும் அறைகளில் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைத்தால் துரு ஏறக்குறைய நின்றுவிடும். ஈரம் உள்ள அறையை அடைத்து வைத்தால் துரு ஆக்சிஜனைத் தின்றுவிடும். மாதக்கணக்கில் மூடியிருந்த அறைக்குள் அளக்காமல் இறங்கியவர் ஏணியிலேயே மயங்கி விழுவார், காப்பாற்றப் போகிறவரும் விழுவார். காற்றோட்டம் கொடுத்து, மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்திலும் அளந்து, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. இந்த விதியில் விலக்கே கிடையாது.

#9 உப்பளம்

துருவால் மூழ்குவதற்கு முன்னால் திறந்த மூடியால் மூழ்கியவைதான் வரலாற்றில் இருக்கின்றன. அமெரிக்காவில் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் லேசி மரோ மிதவைப் பாலம், 1990 நவம்பர் 25. புதுப்பிக்கும் பணி. பழைய கான்கிரீட்டை உயரழுத்த நீரால் உடைத்தார்கள், அந்த அழுக்கு நீரை ஏரியில் விடக் கூடாது என்பதால் மிதவை அறைகளுக்குள்ளேயே தேக்கினார்கள். வேலைக்காகத் திறந்த வழிகளும் இருந்தன. விடுமுறை வார இறுதியில் புயல். திறப்புகள் வழியே நீர் ஏற, ஒரு துண்டு போனதும் பக்கத்துத் துண்டுகளையும் இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்த இணைப் பாலத்தின் நங்கூரக் கம்பிகளும் சேதமாயின.

அதே வாஷிங்டன் மாநிலத்தில் 1979 பிப்ரவரி 13 அன்று புயலில் ஹூட் கால்வாய்ப் பாலத்தின் மேற்குப் பாதி மூழ்கியது. மறுபடி திறக்க 1982 ஆனது.

#10 பாய்மரம்

இவை கான்கிரீட், நீளமான ஒற்றை வரிசை. ஆயிரக்கணக்கான அறை உள்ள எஃகுத் தகட்டில் ஓர் அறை நிரம்பினால் என்ன ஆகிவிடும்?

#11 கணக்கன்

ஒன்றும் ஆகாது. பயமே அங்குதான். 10 × 10 மீட்டர் அறை, மிதவை 1 மீட்டர் அமிழ்ந்திருக்கிறது என்றால் வெளி மட்டம் வரை நிரம்பும் நீர் சுமார் 100 டன். முன்பு போட்ட கணக்கிலேயே பார்த்தால் தளம் ஒரு சென்டிமீட்டர் கீழே போகும். மேலே நிற்பவருக்குத் தெரியாது. வெயிலில் முனை 8 செ.மீ. ஆடுகிற இடத்தில் மட்டக் கருவியும் அதைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. இரண்டாவது அறை, மூன்றாவது அறை என்று நிரம்பிக்கொண்டே போகலாம். பக்கத்துத் தடுப்புச் சுவர்கள் ஒரு பக்க நீர் அழுத்தத்துக்கு வடிவமைக்கப்படாமல் இருந்தால் அடுத்து அவைதான் விட்டுக்கொடுக்கும்.

ஆகவே ஒவ்வோர் அறையிலும் நீர்மட்ட உணரி, அதுவும் அடித்தகட்டிலிருந்து சில சென்டிமீட்டரிலேயே எச்சரிக்கும்படி. உணரி கெட்டால் அது ‘நீர் இல்லை’ என்று காட்டாமல் ‘கோளாறு’ என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு மூடிக்கும் எண், யார் திறந்தார், எப்போது மூடினார் என்ற பதிவு. புயல் எச்சரிக்கை வந்ததும் வேலை நிற்கும், மூடிகளை எண்ணிச் சரிபார்த்த பிறகே ஆட்கள் கரையேறலாம். தடுப்புச் சுவரில் கேபிளுக்குத் துளைபோடும் மின்பணியாளர், அதை அடைக்காமல் விட்டால் இரண்டு அறையை ஒன்றாக்கிவிட்டார் என்று பொருள். இந்தத் துளைகளின் வரைபடம் இல்லாத மிதவையை நான் பாதுகாப்பானது என்று ஏற்கமாட்டேன்.

#12 உப்பளம்

ஹனேடா கேள்விக்கு வருவோம். நான்காவது ஓடுதளத்துக்கு மிதவை முறையும் ஆய்வில் இருந்தது. கடைசியில் மண் நிரப்பலும் எஃகுத் தூண் மேடையும் கலந்த முறையில் கட்டி 2010-இல் திறந்தார்கள். ஓடுதளத்தின் ஒரு பகுதி தாமா ஆற்று முகத்துவாரத்தை மறிப்பதால் அங்கே 1100 × 524 மீட்டருக்கு 198 எஃகுச் சட்டகங்கள், அடியில் ஆறு ஓடும்படி. தெறிக்கும் பட்டைக்கு துருப்பிடிக்காத எஃகுப் போர்வை.

என் கருத்து: தொழில்நுட்பத்தில் மிதவை தோற்கவில்லை. ஆழம் குறைவாக, ஊன்ற அடித்தளம் இருக்கும் இடத்தில் தூணும் மண்ணும் பழகிய வேலை. விமானத் துறை நீண்ட காலத்துக்குப் பொறுப்பு கேட்கும்போது பழகிய முறைக்கே எடை கூடும். கான்சாய் விமான நிலையத் தீவு 1994-இல் திறந்த நாளிலிருந்து அமிழ்ந்துகொண்டே இருப்பது தெரிந்தும், மண் அமிழ்வதைக் கணக்குப்போடும் அனுபவம் அவர்களிடம் இருந்தது.

மிதவை வென்ற இடம் எண்ணெய்ச் சேமிப்பு. நாகசாகி மாகாணத்தின் காமிகோத்தோவில் 1988 முதல் 390 × 97 × 27.6 மீட்டர் அளவில் ஐந்து மிதவைத் தொட்டிகள், மொத்தம் 44 லட்சம் கிலோலிட்டர். கிட்டாகியூஷுவின் ஷிராஷிமாவில் 1996 முதல் எட்டு, 56 லட்சம் கிலோலிட்டர். இவை தகடு அல்ல, கனத்த பெட்டிகள். நெளிவுக் கவலை குறைவு, அலைத்தடுப்புக்குள் டால்பினில் நிற்கின்றன.

மெகா-ஃப்ளோட்டையும் வீணாக்கவில்லை. வெட்டிப் பல இடங்களுக்குக் கொடுத்தார்கள். ஷிசுவோகாவில் மீன்பிடிப் பூங்காவாக இருந்த 136 × 46 × 3 மீட்டர் மிதவை 2011-இல் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துக்குப் போய், சுமார் 10,000 டன் குறைந்த கதிரியக்க நீரைத் தாங்கியது. பின்னால் அதைத் துறைமுகத்துக்குள்ளேயே தரைதட்ட வைத்து நிரப்பிப் படகுத்துறையாக்கினார்கள். வெட்டி, இழுத்து, வேறு வேலைக்கு மாற்ற முடிகிறதே, இந்தக் குணத்துக்கு மண் நிரப்பலில் ஈடு இல்லை.

#13 பாய்மரம்

திறந்த கடலுக்கு? ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே பிரெலூட் எரிவாயு மிதவை 488 × 74 மீட்டர்.

#14 முத்துக்குளி

அது கப்பல் வடிவம், உயரமான உடல், அதனால் அலையில் விறைப்பாகவே நிற்கும். சுமார் 250 மீட்டர் ஆழம் என்பதால் சங்கிலி அங்கே வேலை செய்யும். 16 கட்டுகளும் முன்பகுதியிலுள்ள சுழல் கோபுரத்தில் சேரும், காற்றும் அலையும் எந்தப் பக்கம் திரும்பினாலும் உடல் தானே முகம் திருப்பிக்கொள்ளும். ஓடுதளத்தால் அப்படித் திரும்ப முடியாது. அமெரிக்கக் கடற்படை 1990-களின் பிற்பகுதியில் ஆராய்ந்த நடமாடும் கடல்தளத்தில் இதனால்தான் அரைமூழ்கு வகையை (மிதக்கும் உடல் நீருக்குள், தளம் தூண்களின் மேல்) பல தொகுதிகளாக இணைக்கப் பார்த்தார்கள். இணைப்புகளில் வரும் விசைதான் அவர்களை வாட்டியது. இறுக்கமாகப் பூட்டினால் உடையும், கீல் வைத்தால் ஓடுதளத்தில் மடிப்பு வரும்.

பிரெலூட்டில் 2021 டிசம்பரில் ஒரு தீ நிகழ்வுக்குப் பின் மின்சாரம் முழுவதும் போய், பல மாதம் உற்பத்தி நின்றது. கடலில் நிற்கும் எதற்கும் மாற்று மின்வழி தனி அறையில், தனிக் கேபிள் பாதையில் இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

#15 தெற்குவாடை

கடைசியாக ஒன்று. மிதவையைக் கரையோடு இணைக்கும் பாலம் எவ்வளவு நீளம் வேண்டும்?

#16 இரும்புத்தகடு

சாய்வை வைத்துப் பாருங்கள். லாரிக்கு 5 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஏற்றவற்றம் மொத்தம் 2 மீட்டர் என்று, நடுமட்டத்தில் பாலம் கிடையாக இருந்தால் மேலும் கீழும் 1 மீட்டர், 20 மீட்டர் பாலம் போதும். புயல் எழுச்சியில் மட்டம் 3 மீட்டர் ஏறும் என்றால் அதே சாய்வுக்கு 60 மீட்டர். அந்த நேரத்தில் போக்குவரத்தை நிறுத்திவிடலாம் என்றால் பாலத்தைக் குட்டையாக்கலாம், ஆனால் தீயணைப்பு வண்டி அப்போதும் வந்தாக வேண்டும்.

கரைப்பக்கம் கீல், மிதவைப்பக்கம் வழுக்கு உருளை. 1000 மீட்டர் எஃகு 30 டிகிரி வேறுபாட்டில் 36 செ.மீ. நீளும், அதோடு ஃபெண்டர் அமுக்கத்தையும் கூட்டி உருளையின் ஓட்டத்தை முடிவு செய்யுங்கள். மிதவையின் நடுப்பகுதியில் பாலத்தை வைத்தால் இந்த நீட்சி இரண்டு பக்கமும் பிரிந்துவிடும். குடிநீர்க் குழாய், எரிபொருள் குழாய், மின்கேபிள் மூன்றையும் பாலத்தின் அடியில் தனித்தனி வளையங்களாகத் தொங்கவிடுங்கள். எரிபொருள் குழாய்க்கு மட்டும் இரு முனையிலும், இழுத்தால் தானே மூடிக்கொண்டு கழன்றுவிடும் இணைப்பு.